நானே தூர்வாரிய குளம்

சாவியைத் திருப்பியதும் முதலில் இருக்கை நடுங்கியது. பிறகு நான் இரண்டு கையாலும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

காலை எட்டு மணி இருக்கும். தண்ணீர் வடித்து இரண்டு வாரம் காயவிட்ட குளம் எனக்குக் கீழே கருகருவென்று கிடந்தது. அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளிலிருந்து செத்த மீனும் பழைய தீவனமும் கலந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் நான்கைந்து கொக்குகள் நின்றன. என்ன செய்யப் போகிறாள் பார்ப்போம் என்று காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

நான் உட்கார்ந்திருந்தது ஒரு சின்ன மண்வாரி இயந்திரத்தில். வலக்கைக்கு ஒரு லீவர், இடக்கைக்கு ஒரு லீவர், நடுவில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சக்கரப்பட்டையை ஓட்ட இரண்டு. இடப்பக்கம் சிவப்பாக ஒரு கைப்பிடி இருந்தது. அதை இறக்கினால்தான் இயந்திரத்தின் கை அசையும். எனக்கு அது தெரியாது. கால் மணி நேரம் லீவர்களை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கடைசியில் இறங்கப் போகும்போது முழங்கை அந்தச் சிவப்புக் கைப்பிடியில் பட்டது.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மண்வாரி ஓட்டுவதற்கு வேண்டிய உரிம அட்டை எதுவும் என்னிடம் கிடையாது. என் சொந்த நிலம், என் சொந்தக் குளம் என்ற தைரியம் மட்டும் இருந்தது. இயந்திரத்தை எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர் கொடுத்திருக்கக் கூடாது. நானும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டால், வருவது என் தம்பியாக இருக்கும்.

ஆ மெங் சொன்ன பெயர்

எங்கள் ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் பக்கம் மண்வாரிகளை வாடகைக்கு விடுபவர் ஆ மெங். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த சீனர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், வாக்கியத்துக்கு ஒரு ‘லா’ சேர்த்து.

குளம் தூர்ந்துவிட்டது, வார வேண்டும் என்று சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"குளத்து வேலைன்னா ஜெகன்தான். கை அப்படி லா அக்கா. உங்க தம்பிதானே?"

"அவன் வேணாம்."

"அலமாக், என்னக்கா இது, சொந்தத் தம்பி லா!"

"வேணாம்னா வேணாம். வேற ஆள் சொல்லுங்க."

வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நெடுஞ்சாலை வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் கட்டட வேலைக்காரர், குளம் தொட மாட்டேன் என்றுவிட்டார். "அப்ப மெஷின மட்டும் அனுப்புங்க, நானே பாத்துக்கிறேன்" என்றேன். ஆ மெங் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார்.

குளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது இரண்டு குளங்கள். சின்னதில் கெளுத்தி போன்ற கெலி மீன். அது வீட்டுச் செலவுக்குக்கூடக் காணாது. பெரிய குளத்துத் தீலாப்பியாதான் என் சோறு. குளுவாங் சந்தைக்கும் இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கும் போகும். ஆறேழு வருடம் வாராமல் விட்டதில் சேறு இடுப்பளவு ஏறிவிட்டது. அதற்கு முந்தைய பருவத்தில், விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் பாதிக்கு மேல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

புது மீன்குஞ்சுக்குச் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் வந்துவிடும். அந்த முறையை விட்டால் அடுத்தது அரை வருடம் கழித்துத்தான். அரை வருடம் வெறும் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வசதி எனக்கு இல்லை. நிலத்தை யாருக்காவது விட்டுவிட்டு, மறுபடியும் ஜொகூர் பாருவில் யாரோ ஒருவரின் தொழிற்சாலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளை உடை

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழிற்சாலைக் காலம் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி.

இருபத்தேழு வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தூய்மை அறையில் வேலை பார்த்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, வெளியே தெரிவது கண் மட்டும். பவுடர் போடக் கூடாது, மை தீட்டக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஒரு தலைமுடி விழுந்தால் ஒரு தட்டுச் சரக்கு முழுவதும் குப்பைக்குப் போகும். தும்மல் வந்தால் வெளியே ஓடிப் போய்த் தும்மிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும்.

அங்கே எங்களுக்குப் பெயர் ஆப்பரேட்டர். இருபத்தேழு வருடம் ஆப்பரேட்டராக இருந்தவளுக்கு இரண்டு லீவர் பெரிய விஷயமா என்று நினைத்தேன். கைப்பேசியில் நான்கு வீடியோவும் பார்த்திருந்தேன்.

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது கொடுத்த பணத்தில்தான் இந்த நிலத்தை வாங்கினேன். பழைய சொந்தக்காரர் தோண்டிய குளங்கள் அப்படியே இருந்தன. "கல்யாணம் காட்சி இல்லாம ஒத்தப் பொம்பள, மீன் வளக்கப் போறாளாம்" என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். காலையும் மாலையும் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாகத் தீவனம் எறிவார். மீன்கள் சலசலவென்று பாய்ந்து வரும்போது அவற்றை அதட்டுவார்.

பாலம் அடைத்த போது

ஜெகன் எனக்குப் பத்து வயது இளையவன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனை வளர்த்தது பாதி நான்தான். அவன் சிங்கப்பூரில் மண்வாரி ஓட்டினான். வேலை நாட்களில் அங்கே ஓர் அறையில் தங்குவான், சனிக்கிழமை பாலம் தாண்டி வீட்டுக்கு வருவான். ஜொகூரில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான்.

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லையை மூடப் போவதாக அறிவித்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கே இருந்துவிட்டால் வேலை இருக்கும், இங்கே மாட்டிக்கொண்டால் போய்விடும். அன்று மாலை பாலம் முழுக்கப் பையும் பாயுமாக மனிதர்கள். ஜெகன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பையில் துணி அடுக்கினான். அம்மாவுக்கு அதற்கு முன்பே ஒரு முறை வாதம் வந்து இடது கை விழுந்திருந்தது.

"போகாத ஜெகா. அம்மா நெலமய பாத்தேல்ல?"

"ரெண்டு வாரம்தான்க்கா. போகலன்னா என் எடத்துல வேற ஆள போட்டுருவாங்க."

இரண்டு வாரம் எவ்வளவு நீண்டது என்று ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தினமும் சாயங்காலம் "பாலம் தொறந்தாச்சா?" என்று கேட்பார். "நாளைக்குத் தொறப்பாங்கம்மா" என்பேன். சில மாதம் கழித்து ஒரு விடிகாலை, காப்பியோடு போய் எழுப்பினேன். அம்மா எழவில்லை.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பான். ஜெகன் ஒரே மகன்; இரண்டும் அவனுடையதுதான். நடமாட்டக் கட்டுப்பாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் வரலாம் என்றார்கள். சடங்கு செய்ய வந்தவர், "பெரியப்பா பையன வெச்சு செஞ்சிரலாம்மா" என்றார். "நானே செய்யறேன்" என்றேன். செய்தேன். சுடலையில் சூடம் ஏற்றி அம்மாவின் நெஞ்சின் மேல் வைத்தேன். தகன அடுப்பின் கதவு மூடியதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அதையும் நானே அழுத்தினேன்.

எல்லை திறந்ததும் ஜெகன் வந்து கேட்டில் நின்றான். திறந்தேன். ஒரு குவளை தண்ணீர் கொடுத்தேன். விலாசம் விசாரிக்க வந்தவருக்குக் கொடுப்பது மாதிரி கொடுத்தேன். அவன் அம்மா படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். குளுவாங்கில் அறை எடுத்துக்கொண்டு, சுற்று வட்டாரத் தோட்டங்களில் மண்வாரி ஓட்டுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் சில வருடங்கள் நாங்கள் பேசவில்லை.

பெற்ற தாயை விட்டுவிட்டுச் சம்பளத்தைப் பார்த்துப் போனவன் அவன். எல்லாவற்றையும் தனியாகச் செய்து முடித்தவள் நான். இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தொடரிலும் சில வாரங்களுக்கு முன் அப்படித்தான் எழுதினேன். அன்று நடந்ததில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மஞ்சள் மண்

சிவப்புக் கைப்பிடியை இறக்கியபின் இயந்திரம் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பாதிப் பேச்சை என்று சொல்ல வேண்டும். இடம் திரும்பு என்றால் இயந்திரக் கையின் நுனியிலுள்ள வாளி கீழே குத்தும். முதல் நாள் கரையின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினேன். இரண்டாம் நாள் சரிவில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரப்பட்டை அந்தரத்தில் சுற்றியது. வாளியை மண்ணில் ஊன்றியதால் பிழைத்தேன். அது திறமை இல்லை. பயத்தில் கை பட்ட லீவர் சரியான லீவராக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளிலிருந்து கை பழகிவிட்டது. கறுப்புச் சேற்றை அள்ளி அள்ளிக் கரைக்கு வெளியே கொட்டினேன். சேறு தீர்ந்ததும் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மண் வந்தது. பிசுபிசுவென்று வாளியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. வாளியை உலுக்கி உலுக்கித் தோள் வலித்தது. இதுவும் அழுக்குதான் என்று நினைத்தேன். அதையும் வழித்தெடுத்தேன். அதற்குக் கீழே பளிச்சென்று மஞ்சள் மண் வந்தது. பொலபொலவென்று விழுந்தது. நாற்றமே இல்லை.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! குளத்தின் நடுப்பகுதி முழுவதும் அந்த மஞ்சள் வரும்வரை விடவில்லை. ஐந்தாம் நாள் இயந்திரத்தை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, ஈர்க்கு விளக்குமாற்றோடு குளத்துக்குள் இறங்கினேன். கூட்டினேன். சிரிக்காதீர்கள். ஒரு மீன்குளத்தின் தரையை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டியவள் இந்த மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருபத்தேழு வருடத் தூய்மை அறை என் கையில் அப்படி ஊறியிருந்தது.

இயந்திரத்தை எடுத்துப் போக லோரியோடு வந்த ஆ மெங், கரையில் நின்று குளத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, அந்தச் சாம்பல் மண்ணு எங்க?"

"எந்தச் சாம்பல் மண்ணு? அழுக்க எல்லாம் வாரி வெளிய கொட்டியாச்சு. பாருங்க, எப்படி இருக்குன்னு."

அவர் பார்த்தார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, "தம்பிய ஒருவாட்டி கூப்பிட்டுக் காட்டுங்க லா" என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார். ஒரு பெண்பிள்ளை செய்து முடித்துவிட்டாளே என்று அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

குச்சியில் இறங்கிய கோடு

மேட்டு ஓடையிலிருந்து வரும் குழாயைத் திறந்துவிட்டேன். முழங்கால் அளவு தண்ணீர் ஏற நான்கு நாளானது. நடுவில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் கத்தியால் கோடு கீறிவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது.

வெயில் குடித்திருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ராத்திரியில் ஏது வெயில்? மறுநாள் இன்னும் நான்கு விரற்கடை.

மூன்றாம் நாள் பள்ளத்து நிலத்துக்காரர் பாக் சாலே வந்தார். ரப்பர் காலணி முழங்கால்வரை நனைந்திருந்தது. கோபப்படத் தெரியாத மனிதர். மலாயில் அவர் மெதுவாகச் சொன்னது இதுதான்: "உன் குளம் என் வாழைத் தோப்புக்குள்ள வந்திருச்சு."

அவரோடு போய்ப் பார்த்தேன். வாழை மரங்களின் அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. என் தண்ணீர். அப்போதுதான் புரிந்தது. அந்தச் சாம்பல் மண் களிமண். குளத்துக்கு அதுதான் அடிப்பாத்திரம். நான் பெருமையோடு கூட்டிய மஞ்சள் வெறும் மணல். இந்த வட்டாரத்துக் களிமண்ணில் சட்டியும் ஜாடியும் செய்து சாலையோரமெல்லாம் விற்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போய்வரும் எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் குளம் காலியானது. மீன்குஞ்சு வர ஐந்து வாரம் இருந்தது. கரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தப் பயத்தைச் சொல்ல வீட்டில் யாருமில்லை என்பது அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

செம்பனைக் காட்டுக்குள்

ஜெகனுக்குக் கைப்பேசியில் எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கடைசியில் காரை எடுத்துக்கொண்டு, அவன் வேலை பார்ப்பதாக ஆ மெங் சொன்ன, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கே போய்விட்டேன். குளுவாங்குக்கு இந்தப் பக்கம், செம்மண் பாதையில் ரொம்ப தூரம் உள்ளே போக வேண்டும். மர வரிசைகளுக்கு நடுவில் இயந்திரச் சத்தம் கேட்டது.

அவன் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். ஆனாலும் வாளியில் இருந்த மண்ணைக் கொட்டி, கரையை ஒரு முறை தட்டிவிட்ட பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தினான். தலையில் நரை ஏறியிருந்தது.

"என்னக்கா."

"குளம் நிக்கல."

"யாரு வாருனது?"

"நான்."

அவன் என் கைகளைப் பார்த்தான். உள்ளங்கையில் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை.

"எந்த பக்கெட்டு? பல்லு வெச்சதா, தட்டையா?"

"பல்லு வெச்சது."

"குளத்துக்குப் பல்லு வெச்சத போட மாட்டாங்க. சாம்பல் மண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. எடுத்துட்டேன்."

"எவ்ளோ?"

"நடுவுல எல்லாத்தையும். அப்புறம்... கூட்டி விட்டேன்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரேன்" என்றான்.

மேலே ஒருவர், கீழே ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை ஆ மெங்கின் லோரியில் இயந்திரத்தோடு வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. குளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தான். நான் வெளியே கொட்டிய மேட்டைக் காலால் கிளறினான். களியும் சேறும் கலந்து வீணாகிக் கிடந்தது.

பிறகு நிலத்தின் மேல் மூலைக்குப் போனான். மூன்று இடத்தில் ஆழமாகக் குழி போட்டான். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து எச்சில் தொட்டுக் கயிறு மாதிரி திரித்து, விரலில் மோதிரமாகச் சுற்றினான். முதல் இரண்டும் உடைந்தன. மூன்றாவது உடையவில்லை. "இது ஆகும்" என்றான். அங்கிருந்துதான் களி எடுத்தோம்.

தட்டையான வாளியால் களியைக் கொண்டுவந்து, ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவான். தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன் மேல் சக்கரப்பட்டையை முன்னும் பின்னுமாக ஓட்டுவான். அது இறுகியதும் அடுத்த சாண்.

"நீ சும்மா நிக்காத. செருப்பக் கழட்டிட்டு உள்ள எறங்கு" என்றான். "எங்க மெத்துன்னு இருக்கோ அங்க நின்னு கையத் தூக்கு. மேலருந்து எனக்குத் தெரியாது. இது ஒத்த ஆள் வேல இல்ல. மேல ஒருத்தரு, கீழ ஒருத்தரு வேணும்."

வெறுங்காலோடு நடந்தேன். கால் புதைந்த இடத்தில் கையைத் தூக்கினேன். இயந்திரம் அங்கே வந்தது, மிதித்தது, போனது. என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி அந்த இரும்புக் கை இறங்கும். எனக்குப் பயமே வரவில்லை. அவன் தரையைப் பார்த்து ஓட்டவில்லை. சத்தத்தைக் கேட்டு ஓட்டினான். மணலில் பட்டால் இயந்திரத்தின் குரல் ஒன்று, களியில் பட்டால் வேறொன்று. ஐந்து நாள் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருந்தது.

மூன்று ஞாயிறுகள் இப்படிப் போயின. வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டான், சக்கரப்பட்டையின் மேல் உட்கார்ந்தபடி. இரண்டாவது ஞாயிறு மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டான். சட்டியைச் சாய்த்து மிச்சத்தையும் ஊற்றினேன்.

முதல் தண்ணீர்

குளம் என்னவாயிற்று என்று கேட்டுப் பொறுமை இழப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நின்றது. முதல் வாரம் இரண்டு விரற்கடை இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. கிழக்கு மூலையில் இன்றும் கொஞ்சம் கசிகிறது. மீன்குஞ்சுக்காரர் எனக்காக ஒரு வாரம் பொறுத்தார். நான் இன்னும் இந்தக் குளத்துச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன்.

நான் எழுத வந்தது அந்த மூன்றாவது ஞாயிற்றின் பிற்பகலை.

கடைசிக் களி இறுகியதும் ஜெகன் இயந்திரத்தை மேலேற்றி அணைத்தான். "கொழாயத் தொற. இன்னிக்குக் கணுக்கால் அளவு போதும். அதுக்கு மேல போனா புது மண்ணு கரைஞ்சிரும். கணுக்கால் வந்ததும் அடச்சிரு" என்றான். திறந்தேன். சரிவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் சாம்பல் தரையில் நாக்கு நாக்காக நீண்டது.

நான்தான் ஆரம்பித்தேன். "நீ அன்னிக்குப் போகாம இருந்திருக்கலாம் ஜெகா."

"ஆமா" என்றான். "போயிருக்கக் கூடாது."

இந்தப் பேச்சுக்கு நான் வருடக்கணக்காகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் மறுப்பான் என்று வைத்துத் தயாரித்த பதில்கள். அவன் ஒப்புக்கொண்டுவிட்டதால் அவற்றில் ஒன்றும் உதவவில்லை.

"நீ ஏன்க்கா போன கட் பண்ண?"

எழுதாமல் விட்டது இதுதான். சுடலைக்குப் போவதற்கு முன் ஜெகனிடம் சொல்லியிருந்தேன், அங்கே போனதும் வீடியோவில் காட்டுகிறேன் என்று. அங்கே அவன் கூப்பிட்டான். திரையில் அவன் பெயர் வந்தது. வந்து பார்க்காதவன் போனில் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். சிவப்பை அழுத்தினேன். மறுபடி கூப்பிட்டான். கைப்பேசியையே அணைத்துவிட்டேன். அதே விரலால்தான் கொஞ்ச நேரத்தில் அடுப்புப் பொத்தானை அழுத்தினேன். அங்கே சிக்னல் இல்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். சிக்னல் இருந்தது.

"கோவம்" என்றேன். "சிக்னல் இருந்துச்சு ஜெகா. கோவத்துல செஞ்சேன்."

அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "கூட்டாளி கையாலயே மொட்ட அடிச்சுக்கிட்டேன். பாத்ரூம்ல போன ஜன்னல்ல சாச்சு வெச்சிட்டு, வாளி நெறைய தண்ணி புடிச்சு வெச்சிருந்தேன். நெருப்பு வெச்சதும் தலைக்கு ஊத்திக்கணும்ல, அதுக்காக. நீ எடுக்கல. நீ எடுப்ப எடுப்பன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். ரூம்ல மத்தவங்க கதவத் தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. தண்ணிய அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வெச்சன்னே எனக்குத் தெரியாதேக்கா. எப்பன்னு ஊத்திக்கறது?" என்றான்.

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாட்கள் உண்டு. அந்த நிமிடம் மாதிரி ஒன்று இல்லை. என் தம்பியிடமிருந்து நான் எடுத்தது ஒரு வீடியோ இல்லை, அம்மாவுக்கு அவன் செய்ய வேண்டியிருந்த கடைசி வேலை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"நான் இப்ப சொல்றேன். கேக்குறியா?" என்றேன்.

தலையாட்டினான்.

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். காப்பி எந்த மேசையில் ஆறியது என்பதிலிருந்து. அம்மாவின் முகம் ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக இருந்ததை. அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த அரக்குப் புடவையைக் கட்டிவிட்டதை. அது அவனுக்குத் தெரியாது. "அதையா கட்டுன?" என்று கேட்டான். வாதத்தில் விழாத வலது கையில் வளையல் கழற்ற வராமல் சோப்புப் போட்டுக் கழற்றியதை. பெட்டியில் கிடத்தியபோது அம்மாவின் நெற்றியில் தண்ணீர் சொட்டியது போலிருந்ததை. அது என் முகக்கவசத்திலிருந்து விழுந்த கண்ணீர் என்று பிறகு தெரிந்ததை. சூடத்தை வைத்ததை. கதவு இறங்கியதை.

"அப்ப அழுத்துன்னாங்க. அழுத்துனேன்" என்றேன். "உள்ள நெருப்பு புடிச்ச சத்தம் கேட்டுச்சு. அவ்ளோதான் ஜெகா. வெச்சாச்சு."

ஜெகன் எழுந்தான். சட்டையைக் கழற்றிச் சரிவில் வைத்தான். குளத்துக்குள் இறங்கி, தண்ணீரில் நடந்து, குழாய் வாய்க்குக் கீழே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஓடைத் தண்ணீர் நரைத்த தலையில் மொத்தமாக விழுந்தது. தோள்கள் குலுங்கின. நான் என் பங்குக்குக் கரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கேட்பதற்கு அங்கே வேறு யாருமில்லை.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. குழாயின் திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. புது மண் கரையும் என்று அவன் சொன்னது நினைவிருந்தது. கணுக்காலைத் தாண்டி ஏறியது. அவனாக எழுந்து வரும்வரை நான் அதை அடைக்கவில்லை.